ஒரு தடவை ஊற்றும் தண்ணீர்

நேசம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அஜந்தாவின் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நேசம்மா அஜந்தாவின் கணவன் பவித்ரனின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கியவள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. மாத்தளை டவுனில் தம்பி, தம்பி பெண்சாதி, அவள் என்று மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்தக் கத்தோலிக்க வீட்டில் தம்பி ஒரு சைவப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. "பிறக்கிற பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் உண்டா?" என்று மட்டும் கேட்டாள். கலியாணம் முடிந்த பிறகும் அந்தக் கேள்வியை அவள் இறக்கி வைக்கவில்லை. அஜந்தா மாசமாக இருந்த காலத்தில், மீன் கறிக்குப் புளி கரைத்துக்கொண்டே, "நம்ம கோயில்லயா, வஹகோட்டை அந்தோனியார் கோயில்லயா? வஹகோட்டைன்னா வேன் பிடிக்கணும், இப்பவே சொல்லிருங்க" என்பாள். வயிறு தெரிவதற்கு முன்னாலேயே ஞானஸ்நான உடுப்புக்கு வெள்ளைச் சாட்டின் துணி வாங்கி வைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள், பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வேறு யாராவது என்றால் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அஜந்தா அந்த வகை இல்லை. அவள் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். முதல் நியமனம் லக்கல பக்கம் கிடைத்தது. நட்டஈடு கேட்டவர்களின் வீட்டில், யானை உடைத்த சுவரா, மழையில் தானாக விழுந்த சுவரா என்று நேரில் பார்த்துச் சொல்லும் வேலை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, அதே கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்க அங்கேதான் பழகினாள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் யானை. இல்லாவிட்டால் மழை. அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. "வீட்டுக்குள்ள ஃபீல்ட் விசிட் வேணாம் தாயே" என்று பவித்ரன் கையெடுத்துக் கும்பிடும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

ஆனால் இந்த விசயத்தில் அவள் சந்தேகப்பட ஒரு காரணம் இருந்தது. கலியாணத்துக்கு முன்பு ஃபாதர் இருக்கும் பங்குமனையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று பவித்ரன் வாக்குக் கொடுக்க வேண்டும் என்று ஃபாதர் சொன்னார். பவித்ரன் கொடுத்தான். அப்போது அஜந்தா, தன் தகப்பன் ஆறுமுகநாதன் பக்கத்தில் இருக்க, நேசம்மாவும் கேட்க, தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள்.

"எனக்கு ஆட்சேபனை இல்ல ஃபாதர். ஆனா என் பிள்ளைக்கு என்ன நடக்கிறதா இருந்தாலும் என்னைக் கேட்டு, என் கண்ணுக்கு முன்னால நடக்கணும். எனக்குத் தெரியாம ஒரு சொட்டுத் தண்ணி தலையில விழக் கூடாது."

எல்லோரும் சரி என்றார்கள். நேசம்மா முதல் ஆளாகத் தலையாட்டினாள். அந்தச் சரியை நம்பித்தான் அஜந்தா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள். அவளுக்குக் கோயிலும் ஒன்றுதான், தேவாலயமும் ஒன்றுதான். தேர் அன்றைக்கு அப்பாவோடு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போவாள், டிசம்பரில் நத்தார் பூசைக்கு நேசம்மாவோடு போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்காருவாள். இரண்டு இடத்திலும் கண்ணை மூடினால் ஒன்றும் வராது. நம்பாத ஒன்றைப் பற்றி எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் அவளுக்குப் பெரிதில்லை. தன்னைக் கேட்டார்கள் என்பதுதான் பெரிது. அவள் கண்டுபிடித்த பதில் அவ்வளவுதான்.

பிள்ளை நாள் முந்திப் பிறந்தது. அஜந்தாவுக்குத் திடீரென்று பிரஷர் ஏறி, அவசரமாக வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அவளுக்கு நினைவு திரும்பியபோது பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தேறி, வீட்டுக்கு வந்து, இப்போது கன்னம் உப்பி, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற பருவம். நிலானி என்று அஜந்தாதான் பெயர் வைத்தாள்.

"என்ன அண்ணி, ஞானஸ்நானத்தை எப்ப வைக்கிறது?" என்று கடைசியில் அவளே கேட்க வேண்டி வந்தது.

நேசம்மா மெஷினிலிருந்து தலையெடுக்கவில்லை. "பிள்ளை இன்னும் கொஞ்சம் தேறட்டுமே."

அடுத்த முறை கேட்டபோது, சாட்டின் துணி மஞ்சளடித்துவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்றாள். அதற்கடுத்த முறை, ஞானத்தகப்பனாக நிற்க இருந்த உறவுக்காரனுக்கு உறுதிப்பூசுதல் ஆகவில்லையாம், அவன் நிற்க முடியாதாம். பிறகு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் வருகிறது, தபசில் ஞானஸ்நானம் வைப்பதில்லை. ஒவ்வொன்றும் உண்மையாகத்தான் இருந்தது. அதுதான் அஜந்தாவுக்கு உறுத்தியது. பொய் சொல்கிறவர்கள் ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது அவள் அனுபவம். எதையோ மறைக்கிறவர்கள்தான் உண்மையான காரணங்களாகத் தேடித் தேடி அடுக்குவார்கள்.

பவித்ரனுக்குச் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. லீவில் வந்திருந்த ஒரு பின்னேரம் அவனிடம் கேட்டாள்.

"உங்க அக்காவுக்கு என் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போக விருப்பமில்லையா?"

"யாருக்கு, அக்காவுக்கா? பைத்தியமா உனக்கு?"

"அப்ப ஏன் தள்ளிப் போடுறாங்க?"

"தள்ளிப் போடல. தபசு காலம்."

"தபசுக்கு முந்தி?"

"உடுப்பு சரியில்லன்னாங்களே."

"உடுப்பு தைக்கிறது அவங்க தொழில்."

பவித்ரன் ஃபோனை எடுத்து ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அவன் பாதி குடித்த நேரம் பார்த்து, அஜந்தா மறுபடி ஆரம்பித்தாள். "ஞானத்தகப்பன் கிடைச்சிட்டா வச்சிரலாம்தானே?"

"ஆமா, அதுதான் பிரச்சினை."

"தபசு காலம் பிரச்சினை இல்லையா அப்ப?"

"அதுவுந்தான்" என்றான் அவன். காது சிவந்திருந்தது.

மழை, என்று நினைத்துக்கொண்டாள் அஜந்தா.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே பட்டது. அக்காவும் தம்பியும் குசினியில் அடுப்புப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் காலடி கேட்டதும் தேங்காய் விலைக்குப் பேச்சு மாறும். நேசம்மா பிள்ளையைத் தூங்க வைக்கும்போது நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுவாள்; இவளைக் கண்டால் வியர்வை துடைப்பதுபோல் கையை இழுத்துக்கொள்வாள். முன்பெல்லாம் தைரியமாகப் போட்டவள்தானே, வயிற்றின் மேலேயே போட்டவள். அஜந்தா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒன்று, சைவத் தாயின் பிள்ளையைக் கோயிலில் யாரோ வேண்டாம் என்றிருக்க வேண்டும், இவர்கள் அதை மறைக்கிறார்கள். இல்லையென்றால் தன்னை விட்டுவிட்டு எங்காவது கொண்டுபோய் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள்.

பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் ஆபீஸிலிருந்து வரும் வழியில் அவளே பங்குமனைக்குப் போய், பெற்றோருக்கான ஆயத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில் ஞானஸ்நானம் வைக்கலாம், வகுப்பு இந்த ஞாயிறு, ஞானத்தாயாக நிற்கப்போகும் நேசம்மாவும் வர வேண்டும் என்று சொன்னார்கள். வீட்டில் சொன்னபோது பவித்ரன் அக்காவைப் பார்த்தான். நேசம்மா பிள்ளையைப் பார்த்தாள்.

வகுப்பு கோயில் மண்டபத்தில் நடந்தது. ஃபாதர் இளவயது, தொண்டை கட்டியிருந்ததால் மெதுவாகப் பேசினார். எண்ணெய் எதற்கு, மெழுகுதிரி எதற்கு, வெள்ளை உடுப்பு எதற்கு என்று சொல்லிக்கொண்டு போனவர், போகிற போக்கில் கேட்டார்.

"இதில எந்தப் பிள்ளைக்காவது ஆஸ்பத்திரியில ஆபத்துன்னு சொல்லி யாரும் தண்ணி ஊத்தினாங்களா? ஏன்னா ஞானஸ்நானம் ஒரு தடவைதான். முறையா ஊத்தியிருந்தா நான் திரும்ப ஊத்த முடியாது. மிச்சச் சடங்கு மட்டும்தான் செய்யலாம். ஊத்தினது சரியான்னு சந்தேகம் இருந்தா, 'நீ இன்னும் பெறாதிருந்தால்'ன்னு சொல்லி ஊத்துவேன். அதனால மறைக்காம சொல்லிருங்க."

"எங்க பிள்ளைக்கு இல்ல ஃபாதர்" என்றாள் அஜந்தா.

சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். பவித்ரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேசம்மா பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஒன்றும் இல்லை. துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் அஜந்தா கைப்பையைக் கூட இறக்கவில்லை.

"எப்ப ஊத்தினீங்க, அண்ணி?"

"நான் ஊத்தலம்மா."

"பொய் சொல்லாதீங்க."

"மாதா மேல ஆணையா நான் ஊத்தல. பிள்ளை பிறந்தன்னைக்கு நான் வஹகோட்டைத் திருநாள்ல இல்ல நின்னேன்? இவன் ஏர்போட்டுல யாரையோ ஏத்தப் போயிட்டான். நாங்க வந்து சேர்றப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு."

"என்ன முடிஞ்சு போச்சு?"

நேசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பவித்ரன்தான் வாயைத் திறந்தான். "தண்ணி ஊத்தியாச்சு, அஜந்தா. அதைத் தெரிஞ்சுக்கிட்டே இன்னொரு தடவை ஊத்த விட்டா பாவம்னு அக்கா பயப்படுறாங்க. உன்கிட்ட சொல்லவும் பயம். நான்தான், இன்னொருக்கா ஊத்தினா யாருக்கு என்ன, தண்ணிதானேன்னு சொன்னேன். அக்கா கேட்கல."

"யார் ஊத்தினது?"

"நம்ம பக்கத்து ஆள் இல்ல" என்றாள் நேசம்மா. "உங்க அப்பாகிட்ட கேளுங்க. நான் அவருக்குச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

ஆறுமுகநாதன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காக வடக்கிலிருந்து மாத்தளைக்கு வந்து, பெண்சாதி தவறிய பிறகும் திரும்பிப் போகாமல் அலுவிகாரைப் பக்கம் தங்கிவிட்டார். காலையில் திருநீறு பூசாமல் பேப்பர் கூட விரிக்காத மனிதர். பங்குமனையில் மகள் போட்ட நிபந்தனையைக் கூட முதல் நாள் அவளுக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த வீட்டில் தனக்கு ஆளில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அஜந்தா அவரைத்தான் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள்.

அவள் போனபோது அவர் முற்றத்தில் பிய்ந்த செருப்பைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பிள்ளைக்கு ஆர் தண்ணி ஊத்தினது?"

அவர் செருப்பை அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். "நேசம்மா சொல்லிப் போட்டாவோ?"

"இல்லை. உங்களைக் கேக்கச் சொன்னா."

"நான்தான்" என்றார்.

அஜந்தா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீ ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள. மருமகன் எங்கயோ வழியில. நர்ஸ் வந்து, பிள்ளை தப்பிறது கஷ்டம், ஒருக்கா வந்து பாருங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனா. அந்த நேரம் பாத்து நேசம்மா ஃபோன் எடுத்தா. நான் விசயத்தைச் சொன்னன். ஒரே அழுகை. ஆரும் ஊத்தலாமாம், வேதக்காரராத்தான் இருக்க வேணும் எண்டில்லையாம். ஐயா, உங்கட காலில விழுறன் எண்டா. பின்னால திருநாள் ஸ்பீக்கர் கத்துது, எனக்கு அரைவாசி விளங்கேல்லை. அவ சொல்லச் சொல்ல நான் சொன்னன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ போட்ட நிபந்தனைக்கு நான் சாட்சி. நானே முறிச்சுப் போட்டு என்னெண்டு சொல்லுறது?"

"உங்களுக்கு அதில நம்பிக்கையே இல்லையே அப்பா."

"இல்லைத்தான்." அவர் செருப்பைக் கீழே வைத்தார். "பிள்ளை தவறியிருந்தா, சைவக்காரக் கிழவன் மறிச்சதாலதான் எண்டு உன்னை அந்த வீட்டில காலமெல்லாம் குத்திக் காட்டுவினம் எண்டு நினைச்சன். அதுக்கு இடம் குடுக்கக் கூடாது எண்டுதான் ஊத்தினனான். நல்ல நினைப்பில்லைத்தான். இப்ப நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டன்."

மகளைப் போலவே தகப்பனும் அந்த வீட்டை நம்பியதில்லை என்று அஜந்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தான் மயங்கிக் கிடந்த நேரத்தில், தன் பிள்ளையின் தலைமாட்டில், ஒருவரை ஒருவர் நம்பாத இருவர் தன்னை விட்டுவிட்டு ஒரு காரியத்தை ஒப்பேற்றியிருக்கிறார்கள். மூன்றாமவன் அதைத் தெரிந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்திருக்கிறான். அவளுக்கு அந்த நாள் திரும்ப வேண்டும் போலிருந்தது. ஃபாதர் தண்ணீர் எடுக்க, தான் பிள்ளையை ஏந்தி நிற்க, எல்லாம் கண்ணுக்கு முன்னால்.

அதற்கு ஒரு வழி இருந்ததே.

"அப்பா, ஃபாதர் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். தண்ணி தலையில ஓடினதோ இல்லையோ எண்டு சரியாத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. சந்தேகம் எண்டா அவர் திரும்ப ஊத்துவார்."

ஆறுமுகநாதன் விரலில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தார். "அப்பிடிச் சொன்னா உனக்குத் திருப்தியோ?"

"ஓம்."

"சரி" என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் தகப்பனும் மகளும் பங்குமனைக்குப் போனார்கள். நேசம்மாவும் வந்தாள், உள்ளே வரத் துணியவில்லை, பிள்ளையை வைத்துக்கொண்டு மாதா சிலை இருந்த கெபிப் பக்கம் நின்றுவிட்டாள். ஃபாதர் ஆறுமுகநாதனை உட்காரச் சொன்னார். நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"ஐயா, என்ன தண்ணி?"

"நர்ஸ் தந்தது. கொதிக்க வைச்சு ஆறின தண்ணி. சின்னக் கிண்ணத்தில."

"என்ன சொன்னீங்க?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் எண்டு. முதல் ஒருக்கா மனதுக்குள்ள எங்கட பிள்ளையாரையும் கும்பிட்டனான். அதையும் சொல்ல வேணும்தானே."

ஃபாதர் தொண்டையைச் செருமினார். சிரிப்பை விழுங்கினாரா, தொண்டைக் கட்டா என்று அஜந்தாவுக்குத் தெரியவில்லை. "அந்த நேரம் என்ன செய்றதா நினைச்சீங்க?"

"உங்கட ஆக்கள் என்ன செய்வினமோ, அதைச் செய்யிறன் எண்டு நினைச்சன். அதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரியாது."

"அது போதும். பேர் என்னன்னு சொன்னீங்க?"

"பேர் சொல்லேல்லை."

"பேர் சொல்லச் சொல்லலையா அவங்க?"

"சொன்னா. அந்தோனியம்மா எண்டு வையுங்கோ, இண்டைக்கு அந்தோனியார் திருநாள் எண்டு சொன்னா. நான் வைக்கேல்லை. 'இந்தப் பிள்ளை' எண்டு மட்டும் சொன்னன். தாய் கண் முழிக்கேல்லை. பேராவது அவளுக்கு இருக்கட்டும் எண்டு விட்டனான்."

இதை அவர் முற்றத்தில் சொல்லவில்லை. வேண்டுமென்றே மறைத்தாரா, சொல்லத் தகுந்த விசயம் என்று தோன்றவில்லையா? அஜந்தா தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு" என்றார் ஃபாதர். "தண்ணி தலையில பட்டு ஓடிச்சா? தொப்பி, துணி ஏதும் இருந்ததா?"

ஆறுமுகநாதன் வாயைத் திறந்து, மூடினார். வேலையில் இருந்த காலத்தில் வாய்க்காலில் ஓடாத தண்ணீரை ஓடியது என்று எழுதச் சொல்லி வந்தவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பிய மனிதர். அவர் மகள் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் அவளுக்காகத்தான் காத்திருக்கிறார் என்பது தெரிந்தது. அவள் கேட்டபடி சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பிறகு வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசமாட்டார். வெளியே கெபியடியில் நிற்கிறவளுக்குத் தெரியாமல் தகப்பனும் மகளும் வைத்துக்கொண்ட இரகசியம் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் வந்து குடியேறும்.

"ஓடினதுதான் ஃபாதர்" என்றாள் அஜந்தா. "அப்பா அரைகுறையா எதையும் செய்ற ஆள் இல்ல. நீங்களே சொல்லுங்கோ அப்பா, உள்ளதை."

ஆறுமுகநாதன் மூச்சை விட்டார். "ஓடினது. காதுக்குள்ளயும் போய், நர்ஸிட்டப் பேச்சு வாங்கினனான்."

"அப்ப நான் திரும்ப ஊத்த மாட்டேன்" என்றார் ஃபாதர், அஜந்தாவைப் பார்த்து. "எண்ணெய், மெழுகுதிரி, வெள்ளை உடுப்பு, அதெல்லாம் உண்டு. ஆரம்பத்தில வாசல்ல நின்னு, பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீங்கன்னு கேட்பேன். அதையும் இன்னும் யாரும் செய்யல."

வெளியே வந்தார்கள். நேசம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். அஜந்தா கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை ஊத்தல அண்ணி. பயப்படாதீங்க."

நேசம்மா கண்ணைத் துடைத்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று தெரிந்ததும் அஜந்தா முந்திக்கொண்டாள். அதைக் கேட்கிற மனநிலை அவளுக்கு இன்னும் வரவில்லை.

"வாசல்ல வச்சு ஃபாதர் பேர் கேட்பார். நான் மட்டும்தான் சொல்லுவேன். நிலானி. முன்னால ஒண்ணும் ஒட்டக் கூடாது, பின்னால ஒண்ணும் ஒட்டக் கூடாது."

"சரிம்மா."

"உங்க தம்பியும் வாயைத் திறக்கக் கூடாது."

"அவனை நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு நேசம்மா ஒரு கணம் ஆறுமுகநாதனைப் பார்த்தாள். அவர் உடனே ரோட்டுப் பக்கம் திரும்பி, ஆட்டோ வருகிறதா என்று பார்த்தார். ரோட்டில் ஒன்றும் வரவில்லை.

"என்ன, பேர் விசயமா?" என்றாள் அஜந்தா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அஜந்தா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். யாராவது ஒருவர் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு அவள் அசைவதாக இல்லை.